பச்சைக் கம்பியில் சிவப்புக் கோடு

நெய்யாற்றின்கரையில் ஒரு கோழிக்கூட்டுக்குள் கிடந்தது.
எச்சம் வழித்து, கிரேனில் தூக்கி
களியக்காவிளை செக்போஸ்ட்டுக்குக் கொண்டுவந்தபோது
ரெயின்கோட்டுக்குள்ளிருந்து போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார்.
"எந்தா இது?"
"வண்டியாக்கும் சாரே."
"வண்டியோ? எவிடே?"
சிரிக்காமல்தான் கேட்டார்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு.
என்னைவிட எட்டு வயது மூப்பு.
எஞ்சின் மறுநாள் தனியாக வந்தது
டெம்போவில், ஏத்தன்குலைகளுக்கு நடுவே.

ஷார்ஜாவில் பதினோரு வருஷம் ஏசி டக்ட் மாட்டிய பணத்தில்
மாடி எடுப்பதாகத்தான் பேச்சு.
ஜாண்ரோஸ் எடுத்துவந்தது இதை.
பதினெட்டு நாள் நான் பேசவில்லை.
சோற்றுக்கரண்டி பேசியது, தட்டில், சத்தமாக.

இடவப்பாதி மழை.
கொட்டகையில் ரப்பர் ஷீட்டுகளை ஒதுக்கி வண்டிக்கு இடம்.
பானெட் மட்கார்டையும் சேர்த்துக்கொண்டு முன்பக்கமாகத் திறக்கும்,
கொட்டாவி விடும் எருமை மாதிரி.
அதன் வாய்க்குள் அஜின் முழுதாக இறங்கினான்,
விழுந்த நட்டை எடுக்க.
நட்டோடு ஒரு முட்டையும் கொண்டுவந்தான்.
கனமே இல்லை, காற்றுதான் என்றான்.

பெனிலா உப்புத்தாளால் தேய்த்தாள்.
சாம்பலுக்குக் கீழே நீலம்,
நீலத்துக்குக் கீழே யாருடைய கல்யாணத்துக்கோ அடித்த வெள்ளை,
அதற்கும் கீழே, "அப்பா, பச்சை!"
அவர் விரலால் தடவிப் பார்த்தார்.
"நல்ல பெயிண்டு" என்றார்.

சீட்டு தைக்கத்தான் நான் உள்ளே போனது.
ரெக்ஸினில் ஆறு ஊசி முறிந்தது.
கோபம் எந்த ஊசியோடு போனதென்று ஓர்மையில்லை.

பிறகு வயரிங்.
பிரேக்கை மிதித்தால் மீட்டர் விளக்கு எரிந்தது.
ஹார்னை அழுத்தினால் வைப்பர்
அரைவட்டம் போட்டு நின்றது.
மூன்று ராத்திரி, மூன்று பியூஸ்.
டார்ச் என் கையில்.
"அந்தச் செவப்பைத் தாங்க."
பச்சையை நீட்டினார்.
"செவப்பு."
மறுபடி பச்சை.

தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.
"எனக்க கண்ணுக்கு ரண்டும் ஒண்ணாக்கும்."
கம்பியிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

பதினாறு வருஷம்.
மார்த்தாண்டம் சந்தையிலிருந்து வந்த காய்த் தக்காளிகள்.
கடையில் என் கல்யாணப் புடவையைத் தொட்டு
"இந்த மெதுமெதுப்பா இருக்கியது" என்று மட்டும் கைகாட்டியது.
டிரைவர் விசாவுக்குப் போனவர் டக்ட் மாட்டிய கதை:
புள்ளிகளுக்குள் ஒரு எண் இருந்ததாம்,
வரிசையில் நின்றவனெல்லாம் படித்தானாம்,
இவருக்கு வெறும் புள்ளி.

"அப்போ சிக்னல்ல?"
"மேல எரிஞ்சா நிக்கணும். கீழ எரிஞ்சா போகணும்."
சின்னப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல்.
நான் சிரித்தேன். அவரும்.
தக்காளிக்குப் போட்ட சண்டைகளை
யாரிடம் போய்த் திருப்பிக் கொடுப்பது?

அப்புறம் நிறமெல்லாம் என் பொறுப்பு.
நான் சொல்ல அவர் முறுக்கினார்.
பெனிலா பிளாஸ்டர் சுற்றி
ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதினாள்:
வலது கண், இடது கண், கூவல், பின்வாசல்.
பச்சையில் சிவப்புக் கோடு போட்ட ஒரு கம்பி மட்டும்
எங்கே சேரவேண்டும் என்று கடைசிவரை தெரியவில்லை.
நுனியில் டேப் சுற்றி
அப்படியே விட்டிருக்கிறோம்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் எஞ்சின் பிடித்தது.
புகையில் பக்கத்து வீட்டு ஆட்கள்
ஷீட் எரிகிறதென்று குடத்தோடு ஓடிவந்தார்கள்.

பாறசாலை வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு.
நான் ஓட்டினேன்.
படந்தாலுமூட்டு ஏற்றத்தில் அணைந்தது, தள்ளினார்கள்.
களியக்காவிளை பங்கில் பெட்ரோல் போட்ட பெண்
கதவைத் தடவி அவரிடம் கேட்டாள்:
"நல்லா இருக்கே அண்ணா, இது என்ன கலரு?"

"வீட்டுல கேளு" என்றார்.

நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.